அவ ஒண்ணும் சொல்ல மாட்டா!

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. வீட்டில் பணம் இல்லை. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை காபியைக் குடித்துவிட்டு, "பெரியவளோட சங்கிலியை பேங்க்ல வெச்சுடலாம்" என்றார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள் அம்மா.

அதற்கு அப்பா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

அக்கா ஒன்றும் சொல்லவில்லைதான். கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்றரைப் பவுன். சங்கிலி வங்கிக்குப் போனது. என் கட்டணம் கட்டப்பட்டது. படித்தேன், வேலைக்குப் போனேன், வீடு மெதுவாக நிமிர்ந்தது. அப்பா எடுத்த முடிவு தப்பு என்று கணக்குப் பார்க்கிற யாரும் சொல்ல முடியாது. ஆனால் வட்டி ஏறி, தவணை தவறி, சங்கிலி மட்டும் ஏலத்துக்குப் போய்விட்டது.

இந்த வாரம் ஜெர்மனி அரசியலைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, அந்தச் சங்கிலி ஞாபகம்தான் வந்துகொண்டே இருந்தது. ஜெர்மனிக்கும் மூன்றரைப் பவுனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

160 வயசுக் கட்சி

ஜெர்மனியில் எஸ்.பி.டி. என்று ஒரு கட்சி. தமிழில் சொன்னால் சமூக ஜனநாயகக் கட்சி. 1863-ல் லைப்சிக் நகரத்தில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய இயக்கத்திலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிற கட்சி. முழுக்கப் பொதுவுடைமையும் இல்லை, முழுக்க முதலாளி பக்கமும் இல்லை. தொழில் நடக்கட்டும், லாபம் வரட்டும், அதில் உழைக்கிறவனுக்கும் நியாயமான பங்கு வரட்டும் என்று சொல்கிற நடு-இடது கட்சி.

பணியாமல் நிற்கத் தெரியாத கட்சி என்று இதைச் சொல்லிவிட முடியாது. பிஸ்மார்க் 12 வருடம் சட்டம் போட்டு ஒடுக்கிப் பார்த்தார். ஒடுங்கவில்லை. 1933 மார்ச்சில் ஹிட்லர் எல்லா அதிகாரத்தையும் தன் கைக்கு மாற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. மற்ற கட்சிகள் எல்லாம் ஆதரித்து ஓட்டுப் போட்டன. சீருடைக்காரர்கள் சுற்றி நிற்க, ஒட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். வந்திருந்த எஸ்.பி.டி. உறுப்பினர்கள் 94 பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அப்படி ஒரு பரம்பரை.

அதே கட்சிக்கு விட்டுக்கொடுக்கவும் தெரிந்தது. 1959-ல் கோடஸ்பெர்க் என்ற இடத்தில் சிறப்பு மாநாடு கூட்டி, மார்க்சியத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய பாதையை விட்டுவிட்டு, சந்தைப் பொருளாதாரத்தை ஏற்றுக்கொண்டார்கள். சாதாரண விஷயமா? வீட்டில் பூஜை அறையையே இடம் மாற்றுவது போன்ற காரியம். ஆனால் அதைத் திறந்த மண்டபத்தில், எல்லோரும் பார்க்க, விவாதித்து, ஓட்டெடுத்துச் செய்தார்கள். 'இதை விடுகிறோம், இதற்காக விடுகிறோம்' என்று சொல்லிச் செய்தார்கள். மக்கள் தண்டிக்கவில்லை. பத்து வருடத்தில், 1969-ல், வில்லி பிராண்ட் பிரதமர் ஆனார். 1972 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்த ஓட்டு 45.8 சதவிகிதம். அதுதான் அந்தக் கட்சி இதுவரை தொட்ட உச்சம்.

ஆக, சமரசம் செய்தாலே ஓட்டுப் போய்விடும் என்பது உண்மை இல்லை. பிறகு எங்கே தப்பு நடந்தது?

முப்பது வருஷம் உழைத்தவனின் கணக்கு

1998-ல் கெர்ஹார்ட் ஷ்ரோடர் தலைமையில் எஸ்.பி.டி. ஜெயித்தது. 40.9 சதவிகிதம். இரண்டு கோடிப் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டிருந்தார்கள். 2002-ல் மறுபடியும் மயிரிழையில் ஜெயித்தார்.

அப்போது நாட்டு நிலைமை நன்றாக இல்லை. வேலை இல்லாதவர்கள் 40 லட்சத்துக்கு மேல். வளர்ச்சி படுத்துவிட்டது. அரசுக்குச் செலவு கூடிக்கொண்டே போனது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதில் ஷ்ரோடரைக் குறை சொல்ல முடியாது. தேர்தல் முடிந்து ஆறே மாதத்தில், 2003 மார்ச் 14 அன்று, நாடாளுமன்றத்தில் ஒரு திட்டத்தை அறிவித்தார். பெயர், 'அஜெண்டா 2010'. அதில் மக்கள் மனதில் முள்ளாகத் தைத்த பகுதிக்கு, ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக இருந்த வோக்ஸ்வேகன் கம்பெனி அதிகாரி பீட்டர் ஹார்ட்ஸ் பெயரை வைத்து, 'ஹார்ட்ஸ் நான்கு' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அது என்ன செய்தது என்பதை ஒரு குடும்பக் கணக்காகப் பார்ப்போம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர். முப்பது வருடம் ஒரே ஆலையில் வேலை. மாதாமாதம் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருக்கிறார்கள். ஆலை மூடிவிட்டது. பழைய முறைப்படி, முதலில் சில காலம் காப்பீட்டுத் தொகை வரும். அது முடிந்த பிறகும், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கணக்கிட்ட உதவித்தொகை, வேலை கிடைக்கும்வரை வந்துகொண்டிருக்கும்.

புதிய முறையில் காப்பீட்டுத் தொகை அவருக்கு 12 மாதம்தான். அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே தொகை. 2005 ஜனவரியில் தொடங்கியபோது மேற்கு ஜெர்மனியில் மாதம் 345 யூரோ, கிழக்கில் 331 யூரோ. வாடகையும் வீட்டைச் சூடாக்கும் செலவும் தனி. அதுவும் சும்மா வராது. சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்ட வேண்டும். வரம்புக்கு மேல் இருந்தால், முதலில் அதைத் தின்று தீர்த்துவிட்டு வா என்பார்கள். மனைவி சம்பாதித்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

பணம் குறைந்தது ஒரு பக்கம். அதைவிட வலித்தது வேறொன்று. முப்பது வருடம் உழைத்தவரும், வேலைக்கே போகாதவரும் ஒரே வரிசையில் ஒரே விண்ணப்பத்தோடு நிற்க வேண்டியிருந்தது. 'நான் என்ன பிச்சையா கேட்கிறேன், நான் கட்டின பணம்தானே' என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றினால் அதில் தப்பு உண்டா?

இதை வலதுசாரிக் கட்சி செய்திருந்தால், அந்தத் தொழிலாளி எஸ்.பி.டி.யிடம் வந்து அழுதிருப்பார். செய்ததே எஸ்.பி.டி. என்றால் யாரிடம் போய் அழுவார்?

கட்சிக்குள் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2003 ஜூனில் சிறப்பு மாநாடு கூட்டினார்கள். தன் பதவியையே இந்தத் திட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார் ஷ்ரோடர். பெருவாரியான கைகள் தூக்கப்பட்டன. மேலவையில் எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்ததால், அங்கே இன்னொரு சுற்றுப் பேரம் நடந்து விதிகள் மேலும் இறுகின. கொடுக்கிற வேலை எதுவானாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்குப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் விட்டுக்கொடுக்கப்பட்டது ஒரே ஆளின் பொருள்.

கட்சி மேலிடத்தில் அன்று ஓடிய கணக்கை ஊகிப்பது கடினமில்லை. தொழிலாளி நம்ம ஆள். பரம்பரை ஓட்டு. கோபப்படுவார், திட்டுவார், ஆனால் வேறு எங்கே போவார்?

அவ ஒண்ணும் சொல்ல மாட்டா!

போனார்கள்

போனார்கள். 2004 கோடையில் மாக்டபுர்க் நகரில் தொடங்கி, கிழக்கு ஜெர்மனி ஊர்களில் திங்கட்கிழமைதோறும் ஊர்வலம் கிளம்பியது. 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சியை அசைத்த அதே 'திங்கட்கிழமை ஊர்வலம்' என்ற பெயர். 2005 மே மாதம், நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் நிறைந்த நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தை, 39 வருடம் ஆண்ட பிறகு கட்சி இழந்தது. சொந்த வீட்டுக் கூடமே போனது போல. நிதியமைச்சராக இருந்து முன்பே விலகிய ஆஸ்கர் லஃபோன்டைன் கட்சியைவிட்டே வெளியேறினார். அவர் சேர்ந்த அணியும் கிழக்கில் ஏற்கெனவே இருந்த கட்சியும் 2007-ல் ஒன்றாகி, 'இடது' என்ற புதுக்கட்சி ஆனது.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 2005 செப்டம்பர் தேர்தல் பிரசாரத்தில் ஆங்கெலா மெர்க்கெல் கட்சி, விற்பனை வரியை 16-லிருந்து 18 சதவிகிதமாக ஏற்றுவோம் என்று சொன்னது. எஸ்.பி.டி. விடுமா? 'மெர்க்கெல் வரி' என்று பெயர் வைத்து ஊர் ஊராகக் கிண்டல் செய்தது. ஏற்றவே கூடாது என்றது. தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டு கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. ஒருவர் இரண்டு ஏற்றலாம் என்றார், இன்னொருவர் ஏற்றவே கூடாது என்றார். சமரசம் என்றால் ஒன்று ஏறும் என்றுதானே நாம் நினைப்போம்? மூன்று ஏறியது! 2007 ஜனவரி முதல் 19 சதவிகிதம்.

அன்று துணைப் பிரதமராக இருந்த எஸ்.பி.டி.க்காரர் ஃபிரான்ஸ் முன்டஃபெரிங், தேர்தல் சமயத்தில் சொன்னதை வைத்து எங்களை எடைபோடுவது நியாயமில்லை என்ற பொருளில் பேசினார். கூட்டணி ஆட்சியின் சங்கடத்தைத்தான் அவர் சொன்னார். கடைக்குப் போய் மூன்று காசு கூடக் கொடுத்த அம்மாவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓய்வு வயதை 65-லிருந்து படிப்படியாக 67 ஆக்கும் சட்டமும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான் வந்தது.

2009 தேர்தலில் எஸ்.பி.டி.க்குக் கிடைத்தது 23 சதவிகிதம். 1998-ல் இரண்டு கோடிக்கு மேல் விழுந்த ஓட்டு, ஒரு கோடிக்கும் கீழே. 11 வருடத்தில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். இடது கட்சி 11.9 சதவிகிதம் வாங்கியது. ஆனால் போனவர்கள் எல்லோரும் இன்னொரு கட்சிக்குப் போய்விடவில்லை. 1998-ல் நாட்டில் 82 சதவிகிதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 2009-ல் 71 சதவிகிதத்துக்கும் சற்றுக் குறைவு. நிறையப் பேர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கோபித்துக்கொண்டு கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்தலாம். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களை என்ன செய்ய முடியும்?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005 தொடக்கத்தில் 50 லட்சத்தைத் தாண்டிய வேலையில்லாதோர் எண்ணிக்கை, 2008 இலையுதிர் காலத்தில் 30 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அதில் ஷ்ரோடர் திட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று பொருளாதார நிபுணர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பங்கு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். குறைந்த சம்பள வேலைகளும் கூடவே பெருகின என்பதையும் வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் வீடு நிமிர்ந்தது. யார் சங்கிலியை வைத்து நிமிர்ந்தது என்பதைத்தான் வீட்டில் யாரும் பேசவில்லை.

உறை வந்த வீடுகள்

2013-ல் மறுபடியும் மெர்க்கெலோடு கூட்டணி. இந்த முறை கட்சி ஒரு பாடம் கற்றிருந்தது. கூட்டணி ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பிக் கேட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் 'சரி' என்றார்கள். அந்தச் சமரசத்தில் உருப்படியான சரக்கும் இருந்தது. ஜெர்மனியில் நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முதன்முதலாக வந்தது. 2015 ஜனவரி முதல் மணிக்கு 8.50 யூரோ. 45 வருடம் காப்பீடு கட்டியவர்கள் 63 வயதிலேயே முழு ஓய்வூதியத்தோடு போகலாம் என்ற வழியும் வந்தது. லட்சக்கணக்கான துப்புரவுத் தொழிலாளிகள், முடிதிருத்துபவர்கள், கடைச் சிப்பந்திகள் கையில் நிஜமாகவே காசு கூடியது.

நன்றி வந்ததா? 2017 தேர்தலில் 20.5 சதவிகிதம். 2013-ஐவிடவும் சரிவு.

இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செய்த நல்லது எல்லாம் ஆட்சிக்குத் தலைமை தாங்கிய மெர்க்கெல் கணக்கில் சேர்ந்தது என்று கட்சிக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. எடுத்துப் போனதற்கு ஒரு வார்த்தை சொல்லாதவர், பிற்பாடு எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், வாங்கிக்கொள்கிறவர் மனசு பழைய பாக்கியைத்தான் நினைக்கும்.

2017 தேர்தல் இரவில் கட்சித் தலைவர் மார்ட்டின் ஷூல்ஸ், இனி எதிர்க்கட்சி வரிசைதான் என்று அறிவித்தார். தொண்டர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் மெர்க்கெல் மற்ற கட்சிகளோடு நடத்திய பேச்சு நவம்பரில் முறிந்தது. ஜனாதிபதி அழுத்தம் கொடுத்தார். கட்சி மறுபடியும் கூட்டணிப் பேச்சுக்குப் போனது. மெர்க்கெல் அமைச்சரவையில் சேர மாட்டேன் என்று சொன்ன ஷூல்ஸ், வெளியுறவு அமைச்சராகப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே அதையும் கைவிட்டார்.

2018 ஜனவரியில் பான் நகரில் சிறப்பு மாநாடு. பேச்சுவார்த்தை நடத்தலாம் என்று 362 பேர். வேண்டாம் என்று 279 பேர். எதிரணிக்கு முன்னால் நின்றவர் கட்சியின் இளைஞர் பிரிவுத் தலைவர், 28 வயது கெவின் கூனெர்ட். 'கட்சியில் சேருங்கள், வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள்' என்று இளைஞர் பிரிவு கிளம்பியது. ஆயிரக்கணக்கானவர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். தேய்ந்துகொண்டிருந்த கட்சியில் ஆள் சேர்ந்ததே, அதன் முடிவை எதிர்ப்பதற்காகத்தான்!

பிறகு நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு உறை போனது. ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் உறுப்பினர்களாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்துபார்க்கிறேன். அப்பாவுக்கு, நாட்டுக்கு ஓர் அரசு வேண்டும், பொறுப்பில்லாமல் இருக்க முடியாது. மகளுக்கு, இன்னொரு முறை இதையே செய்தால் நமக்கென்று ஒரு முகமே இருக்காது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு சீட்டில் கோடு போட்டிருப்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

2018 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை காலை. பெர்லினில் கட்சித் தலைமையகத்தில் முடிவு சொன்னார்கள். 'சரி' என்றவர்கள் 66 சதவிகிதம். ராத்திரி முழுக்க எண்ணியவர்கள் மத்தியில் ஆரவாரம் எழவில்லை. ஜெயித்த பக்கமே சந்தோஷப்படாத ஒரு வெற்றி.

கேட்டார்களே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டது நல்லதுதான். ஆனால் எப்போது கேட்டார்கள்? ஒப்பந்தம் முழுக்க எழுதி முடித்த பிறகு, 'ஆம் அல்லது இல்லை' என்று கேட்டார்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முன்னால் கேட்கவில்லை. சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, 'உனக்குச் சம்மதம்தானே?' என்று கேட்பது போலத்தான் அது.

வட்டம் சுற்றி அதே இடம்

2021-ல் ஓர் ஆச்சரியம் நடந்தது. ஓலாஃப் ஷோல்ஸ் 'மரியாதை' என்ற ஒற்றைச் சொல்லை முன்வைத்துத் தேர்தலைச் சந்தித்தார். கையால் உழைக்கிறவர்களுக்கும் மரியாதை, குறைந்தபட்சக் கூலி 12 யூரோ. கட்சி 25.7 சதவிகிதம் வாங்கி முதலிடம் பிடித்தது. ஷோல்ஸ் பிரதமர் ஆனார். 2022 அக்டோபரில் 12 யூரோ நடைமுறைக்கும் வந்தது. 2023 ஜனவரியில் ஹார்ட்ஸ் நான்கு என்ற பெயரை எடுத்துவிட்டு, கொஞ்சம் இளக்கமான விதிகளோடு 'குடிமக்கள் தொகை' என்று கொண்டுவந்தார்கள்.

ஆனால் அது மூன்று கட்சிக் கூட்டணி. உக்ரைன் போரும் விலைவாசியும் சேர்ந்துகொண்டன. பணம் எங்கிருந்து என்ற சண்டையில் 2024 நவம்பரில் கூட்டணி உடைந்தது. இந்த இடைவெளியில் கோபத்தின் முகமும் மாறியிருந்தது. 'வேலைக்குப் போகாதவருக்கும் எனக்கும் கையில் நிற்பதில் பெரிய வித்தியாசம் இல்லையே' என்று குறைந்த சம்பளக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இருபது வருடத்துக்கு முன் ஆலை மூடியபோது ஒரு தொழிலாளி கேட்ட கேள்விதான் இது. அவர் வரிசையில் நின்று கேட்டார், இவர்கள் வேலை செய்துகொண்டே கேட்டார்கள். உழைத்ததற்கு என்ன மதிப்பு?

2025 பிப்ரவரித் தேர்தலில் எஸ்.பி.டி.க்கு 16.4 சதவிகிதம். போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் நாடாளுமன்றத் தேர்தல்களில் அது வாங்கியதிலேயே மிகக் குறைவு. தீவிர வலதுசாரியான ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவிகிதம் வாங்கி இரண்டாமிடம் பிடித்தது. அன்று வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பின்படி, தொழிலாளிகளில் ஏ.எஃப்.டி.க்குப் போட்டவர்கள் 38 சதவிகிதம். எஸ்.பி.டி.க்குப் போட்டவர்கள் 12 சதவிகிதம். வேறு எங்கே போவார் என்ற கேள்விக்கு, கேட்டவர்கள் கனவிலும் நினைக்காத பதில்.

பிறகு என்ன? ஏ.எஃப்.டி.யை விலக்கிவிட்டு இரண்டே கட்சிகள் ஆட்சி அமைக்க வேண்டும் என்றால், ஃப்ரீட்ரிஷ் மெர்ஸின் கட்சியும் எஸ்.பி.டி.யும் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தார்கள். உறுப்பினர்களிடம் மறுபடியும் கேட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் 84.6 சதவிகிதம் 'சரி' என்றார்கள். ஆனால் ஓட்டுப் போட்டதே 56 சதவிகிதம் பேர்தான். 1990-ல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை அப்போது மூன்றரை லட்சம் சொச்சம். ஒப்பந்தத்தில், குடிமக்கள் தொகையை எடுத்துவிட்டு இன்னும் கண்டிப்பான முறைக்கு மாற்றவும் சம்மதித்திருந்தார்கள். சுற்றிச் சுற்றி அதே வாசலில் வந்து நிற்கிறார்கள்.

அவர்களைத் திட்டுவது சுலபம். 16 சதவிகிதத்தை வைத்துக்கொண்டு நினைத்ததை எல்லாம் செய்ய முடியாது. சேர மாட்டோம் என்று ஒதுங்கி நின்றால் நாட்டுக்கு அரசு இல்லை. சேர்ந்தால் கட்சிக்கு முகம் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் இழப்பு. விட்டுக்கொடுக்காத கட்சி பிரசங்கம் செய்யலாம், குறைந்தபட்சக் கூலி வாங்கித் தர முடியாது. இதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என்னுடைய வருத்தம், அவர்கள் விட்டுக்கொடுத்ததில் இல்லை. எப்போது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும், கை முதலில் போனது ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நம்பப்பட்டவர்கள் கழுத்துக்கு. சத்தம் போடுகிறவர்களின் பொருளைத் தொட எல்லோருக்கும் பயம். வீட்டிலும் அப்படித்தானே? கடைசிப் பிள்ளை அழுவான், அதனால் அவனுக்கு முழுத்துண்டு மீன். பெரியவள் புரிந்துகொள்வாள், அதனால் அவளுக்குக் குழம்பு. ஒரு நாள் என்றால் அது அன்பு. இருபது வருடம் என்றால் அதற்கு வேறு பெயர்.

நான் வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்து, அக்காவுக்கு ஒரு சங்கிலி வாங்கிக் கொடுத்தேன். நாலு பவுன். பழையதைவிட அரைப் பவுன் கூட. மனசில் ஒரு பெருமிதம், கடனை வட்டியோடு அடைத்துவிட்டேன் என்று. அக்கா வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற சங்கிலிடா" என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்படின்னா அன்னிக்கே குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சிரித்தாள். கோபமெல்லாம் இல்லை.

"யாருடா சொன்னா குடுத்திருக்க மாட்டேன்னு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே."